கடல் ஆற்றுதல்

லாபிஸில் கடல் இல்லை.
கிழக்கே போனாலும் மேற்கே போனாலும்
செம்பனை முடியவே ஒரு மணி நேரம்.
அதனால் உப்பை வாளிக்கணக்கில்
சிகாமட்டிலிருந்து வாங்கி வருகிறேன்.
வடிகட்டிய நீரில் கொட்டி, ஒரு நாள் சுழலவிட்டு,
சொட்டெடுத்துச் சில்லில் தடவி
ஜன்னலுக்கு நேரே தூக்கிப் பார்த்தால்
முப்பத்தைந்து.
கடலுக்கு ஓர் எண் உண்டென்று
இந்தத் தாமான் வீட்டுக்கு வந்துதான் தெரிந்துகொண்டேன்.

பகலில் ஆலையின் கழிவுக் குளத்து நீரைப்
புட்டியில் பிடித்துப் புளிப்புப் பார்ப்பது என் வேலை.
மாலையில் வீட்டிலும் புட்டி, சொட்டு, நிறம்.
"ஓட்டியா?" என்பான் குணாளன்,
"யார் சம்பளம் கொடுக்கிறா?"
டிவி இருந்த இடத்தில் இப்போது மூன்றடித் தொட்டி.
அதற்கு அவன் வைத்த பெயர்
கரண்டு தின்னி.

கல்லாகாத பவளங்கள் இவை.
எலும்பில்லை; தண்ணீர்தான் நிமிர்த்திப் பிடிக்கிறது.
வெளியே எடுத்தால்
பிழியாமல் விட்ட துணி.
செனியா மட்டும் நாள் முழுக்க
விரல்களை மூடித் திறந்து
யாரிடமோ சில்லறை கேட்கிறது.

தோல்பவளம் ஒருமுறை பதினொரு நாள் சுருங்கிக் கிடந்தது.
மேலெல்லாம் மெழுகுப் படலம்.
விளக்கை உயர்த்தினேன், இறக்கினேன்,
நீரை மாற்றினேன், மறுபடி மாற்றினேன்.
தொலைபேசியில் ஆ லெக் சிரித்தான்.
எஸ்டேட்டில் மளிகை வைத்திருந்த அவன் அப்பாவிடம்
கடனோடு சேர்ந்து வந்த தமிழ் அவனுடையது:
"சும்மா இரு லா. அது தோல் உரிக்குது.
தண்ணி ஓட்டம் கொஞ்சம் கூட்டு, போதும்.
ரொம்ப சுத்தம் பண்ணாதே, பட்டினி கிடக்கும்."
பன்னிரண்டாம் நாள்
கிழிந்த படலம் பம்பின் வாயில் சிக்கியிருந்தது.
தோல்பவளம் ஆயிரம் சிறு மயிர் நீட்டி
ஒன்றும் நடக்காததுபோல நின்றது.

தினம் ஒரு லிட்டர் காற்றோடு போகிறது.
போவது தண்ணீர்; உப்பு எங்கும் போவதில்லை.
குறைந்த இடத்தில் ஊற்றவேண்டியது வெறும் நீரை.
களைத்து வந்த ஒரு வெள்ளிக்கிழமை
வாளி மாறி உப்புநீரையே ஊற்றினேன்,
மறுநாளும், அதற்கடுத்த நாளும்.
இரண்டு காளான் பவளம் கரைந்து போயின.
குணாளனிடம் சொல்லவில்லை.
இரண்டும் சேர்த்து நூற்றிருபது வெள்ளி.

பிறகு நவம்பரில் அந்த மழை.
பத்து மணிக்கு எங்கோ டிரான்ஸ்ஃபார்மர் வெடித்து
தாமான் முழுக்க இருட்டு.
பம்பு நின்றது. மேலே வீசிய காற்றாடியும் நின்றது.
செனியா கை விரித்தபடியே உறைந்துவிட்டது.
நான் ஒரு கரண்டியை வைத்துக்கொண்டு
தொட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தேன்.

பதினொன்றுக்குக் கடையடைத்து வந்தான் குணாளன்.
சட்டையெல்லாம் டின்பால் வாசம்.
கையில் பை; கடைப் பெட்டியில்
எப்படியும் உருகப்போகும் ஐஸ் புட்டிகள்.
மூடி இறுகியிருக்கிறதா என்று பார்த்து
ஒவ்வொன்றாக மிதக்கவிட்டான்.
"கையக் கழுவு. சோப்பு வேண்டாம்."
முழங்கைவரை கழுவினான்.
இரண்டு பிளாஸ்டிக் குவளை கேட்டான்.

பிறகு ஆற்றத் தொடங்கினான்.
பத்தொன்பது வருஷம் தே தாரிக் இழுத்த கை.
ஒரு முழம், ஒன்றரை முழம்,
கைபேசி வெளிச்சத்தில் உப்புநீர் நூலாக இறங்கி
நுரைத்து, மறுபடி தொட்டிக்குள் போனது.
பழக்க தோஷத்தில்
"கூராங் மானிஸ் ஒண்ணு" என்று முனகினான்.
எனக்குச் சிரிப்பு வந்தது, சிரிக்கவில்லை,
குவளை தவறிவிடும் என்று.

நான் மாற்றிக்கொண்டேன்; தரையெல்லாம் ஊற்றினேன்.
பிடுங்கிக்கொண்டான்.
இரண்டு நாற்பதுக்கு மின்சாரம் வந்தது.
பம்பு இருமி, நீரைத் தள்ளியது.
செனியாவின் ஒரு விரல் மடங்கியது,
பிறகு இன்னொன்று.

அவன் துணியால் தரையைத் துடைத்தான்.
கண்ணாடிக்கு அருகே குனிந்து
இடமிருந்து வலமாக
உதடு அசையப் பார்த்துக்கொண்டே போனான்.
மூலைக் கல்லில் நின்றான்.
"இங்க ரெண்டு காளான் இருந்துச்சே," என்றான்,
"எங்க?"